கடலடி ஒலியைக் கொண்டு விலங்குகளைக் கணக்கிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலடியில் பொருத்திய ஒலிவாங்கி ஒரு மாதத்தில் 12,000 திமிங்கலக் குரல்களையும் அடுத்த மாதத்தில் 6,000 குரல்களையும் பதிவு செய்திருந்தால், விலங்குகள் பாதியாகிவிட்டன என்று எழுதத்தான் கை முதலில் போகும். ஆனால் இரண்டாம் மாதத்தில் கப்பல் இரைச்சல் கூடி, குரல் கேட்கும் தொலைவு 10 கிலோமீட்டரிலிருந்து 7 கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தால், கருவி செவிமடுத்த பரப்பே பாதியாகியிருக்கும். ஒரு திமிங்கலமும் குறையாமலேயே பதிவு பாதியாகும். என் கணிப்பில் இத்துறையின் மிகக் கேடான தவறு இதுதான். இரைச்சலைத் தொடர்ந்து அளந்து, ஒலியைக் கண்டறியும் நிகழ்தகவை அந்தந்தக் காலத்துக்கும் இடத்துக்கும் தனித்தனியே கணித்தாக வேண்டும். பருவத்துக்கேற்ப நீரின் வெப்பநிலை மாறும்போது ஒலி செல்லும் பாதையும் மாறுவதால், கோடையில் கணித்த நிகழ்தகவைக் குளிர்காலத்துக்குப் பயன்படுத்துவதும் பிழையே.

அடுத்தது, ஒரு விலங்கு எவ்வளவு நேரத்துக்கு எத்தனை முறை ஒலி எழுப்புகிறது என்ற வீதத்தை வேறொரு கடலிலிருந்து கடன் வாங்குவது. கூன்முதுகுத் திமிங்கலங்களில் பாடுவது ஆண்கள்தான். பாட்டை மட்டும் எண்ணினால் பெண்களும் குட்டிகளும் கணக்கிலேயே வரமாட்டா. அலகுத் திமிங்கலங்களோ ஆழத்தில் இரை தேடும்போதுதான் சொடுக்கொலி எழுப்புகின்றன. மேலே வந்ததும் அடங்கிவிடுகின்றன. ஆகவே, ஒலிக்கும் நேரத்தில் மட்டும் அளந்த வீதம் மிகையாக இருக்கும். பதிவான ஒலிகளை அதைக் கொண்டு வகுத்தால் விலங்குகளின் எண்ணிக்கை குறைந்துபோகும். மௌனமான நேரத்தையும் சேர்த்த சராசரியே வேண்டும்.

பகாமாஸ் அருகே 82 ஒலிவாங்கிகளைக் கொண்டு பிளெயின்வில் அலகுத் திமிங்கலங்களைக் கணக்கிட்ட ஆய்வு, 2009-இல் வெளிவந்தது, இதற்கு நல்ல முன்மாதிரி. விலங்குகளின் உடலில் ஒட்டிய பதிவுக் கருவிகளிலிருந்தே ஒலி வீதத்தைப் பெற்றார்கள். ஆறு நாட்களில் கணினி கண்டறிந்த ஏறத்தாழ 30 லட்சம் ஒலிகளில் பாதிக்கு மேல் அந்த இனத்தினுடையவை அல்ல என்பதையும் மாதிரிகளைக் கையால் சரிபார்த்தே அறிந்தார்கள். அந்தச் சரிபார்ப்பு இல்லாதிருந்தால், கிடைத்த அடர்த்தி, அதாவது குறிப்பிட்ட பரப்பில் உள்ள விலங்குகளின் எண்ணிக்கை, உண்மையைப் போல் இரு மடங்குக்கு மேல் போயிருக்கும். தானியங்கி மென்பொருள் தரும் எண்ணை அப்படியே நம்புவோர் இதை மறக்கக் கூடாது.

விலங்குகள் கூடும் இடம் என்று தெரிந்த இடங்களில் மட்டும் கருவிகளைப் பொருத்தி, கிடைத்த அடர்த்தியைக் கடல் முழுவதற்கும் விரிப்பதும் தவறு. டால்பினை ஒத்த சிறு கடல் பாலூட்டிகளான போர்பாய்ஸ்களின் சொடுக்கொலி சுமார் 130 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் குறுகிய கற்றையாகப் பாய்ந்து, சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். விலங்கு திரும்பி நின்றால் அருகிலிருந்தும் கேட்காமல் போகலாம். பால்டிக் கடலில் போர்பாய்ஸ்களைக் கணக்கிட 2011 முதல் 2013 வரை நடந்த சாம்பா திட்டத்தில் 300-க்கும் மேற்பட்ட இடங்களில் கருவிகளை முறையான வலையமைப்பில் நிறுத்த வேண்டியிருந்தது இதனால்தான்.

கடைசியாக, ஒற்றை எண்ணை மட்டும் வெளியிடுவது. அதே திட்டம் பால்டிக் போர்பாய்ஸ் இனத்தொகைக்குத் தந்த மதிப்பீடு 491. அதன் 95 சதவீத நம்பக எல்லை, அதாவது உண்மை எண் இருக்கக்கூடிய வரம்பு, 71 முதல் 1,105 வரை. எல்லையை விட்டுவிட்டு 491 என்று மட்டும் எழுதினால், பத்து ஆண்டு கழித்து இன்னொருவர் 400 என்று மதிப்பிடும்போது அதை வீழ்ச்சி என்று படிப்பார்கள். எல்லையோடு பார்த்தால் அந்த இரண்டுக்கும் வேறுபாடே சொல்ல முடியாது.