பிக்கப்புக்குப் பெரிய டயர்: மாட்டும் முன் போட வேண்டிய கணக்கு

265/65 R17 டயரின் (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 65%, ரிம் 17 அங்குலம்) உயரம் சுமார் 776 மி.மீ.; 285/70 R17-க்கு 831 மி.மீ. வித்தியாசம் 7%. ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டும் வண்டியில் முதலாவதைக் கழற்றி இரண்டாவதை மாட்டினால், முள் 100-ல் நிற்கும்போது வண்டி 107-ல் ஓடும். ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும். மைலேஜ் பார்க்க, டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை 1.07-ஆல் பெருக்கிய பிறகே லிட்டரால் வகுக்க வேண்டும். "மைலேஜ் படுத்துவிட்டது" என்ற புலம்பலில் ஒரு பங்கு இந்தப் பிழைதான்!

மிச்சம் நிஜமான இழப்பு. எடை சக்கரத்தின் வெளிவிளிம்பில் கூடுவதால் சிக்னலில் கிளம்பவும் பிரேக் பிடிக்கவும் கூடுதல் சக்தி வேண்டும். கிரவுன்-பினியன் (ஆக்சிலில் சக்கரங்களைச் சுழற்றும் கடைசிப் பல்சக்கர ஜோடி) விகிதம் 3.9 என்றால், நடைமுறையில் 3.64 ஆகிவிடும், மலையேற்றத்தில் பாரத்தோடு ஒரு கியர் இறக்க வேண்டிவரும். 4.1 அல்லது 4.3 விகிதமுள்ள ஜோடியைப் போட்டால் இழுவை திரும்பும். செலவு கையைக் கடிக்கும். நான்கு சக்கர இயக்கம் என்றால் முன், பின் இரண்டு ஆக்சிலிலும் மாற்றியாக வேண்டும்.

மாட்டியதும் ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாக ஒடித்து, ரிவர்ஸிலும் நகர்த்தி, மட்ஃபிளாப்பிலும் ஃபெண்டர் லைனரிலும் (சக்கரக் குழியின் உள் உறை) டயர் உரசுகிறதா என்று பாருங்கள். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) பழைய டயரைவிடக் குறையக் கூடாது. ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.