மறைவுக் குடிலுக்கான பொருள்கள்: எங்கே செலவிடலாம், எங்கே மிச்சப்படுத்தலாம்

பறவைகளையும் விலங்குகளையும் மிரள வைக்காமல் பார்க்கவும் படம் எடுக்கவும் கட்டும் மறைவுக் குடில், வேட்டைக்காரர்களின் மறைவிடத்திலிருந்து அமைப்பில் அதிகம் வேறுபட்டதன்று. ஓரிருவர் உட்காரும் இடம், கண் மட்டத்தில் ஒரு நீண்ட திறப்பு, மேலே கூரை, அவ்வளவுதான். இத்தனை சிறிய கட்டுமானத்தில் எல்லாப் பொருளும் உயர்தரமாக இருக்க வேண்டியதில்லை. நீர் தேங்கும் இடத்திலும் நீரை உறிஞ்சும் விளிம்பிலும் பணத்தைச் செலவிட்டு, மற்ற இடங்களில் கையைச் சுருக்கிக்கொள்ளலாம்.

மரக்கால் முதலில் இற்றுப்போவது தரைமட்டத்தை ஒட்டிய சில அங்குலத்தில்தான். மண்ணின் ஈரமும் வெளிக்காற்றும் அங்கே ஒன்றுசேர்வதால், மரத்தின் ஈரப்பதம் நெடுநாள் 20 சதவீதத்துக்கு மேல் நின்று பூஞ்சைக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே கால்களைப் புதைக்காமல் தட்டையான கல்லின் மீதோ கான்கிரீட் கட்டையின் மீதோ நிறுத்தி, காற்று தூக்காதபடி நான்கு மூலையிலும் முளை அடித்து இழுத்துக் கட்டுங்கள். புதைத்தே ஆக வேண்டுமென்றால், அழுத்த முறையில் மருந்து ஏற்றிய மரத்தை அந்தக் கால்களுக்கு மட்டும் வாங்கினால் போதும். அந்த மருந்தில் பெரும்பாலும் செம்பு கலந்திருப்பதால் சாதாரண ஆணி விரைவில் அரித்துப்போகும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த திருகாணியோ துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியோ தேவைப்படும். வெட்டிய துண்டுகளை அடுப்பில் எரிக்கக் கூடாது.

சட்டத்துக்கு மூங்கில் மலிவானது, இலகுவானது. ஆனால் அதிலுள்ள மாவுச்சத்தைத் தேடி வண்டு துளைக்கும் என்பதால், மூன்று ஆண்டுக்கு மேல் முற்றிய மூங்கிலையே எடுத்து, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். இந்த மருந்து மழையில் கரைந்து வெளியேறிவிடும். எனவே மூங்கில் கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும்.

சுவருக்குப் பிளைவுட் வாங்கும்போது பலர் தடிமனைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பசையை. பீனால் பசையால் ஒட்டிய பலகை நீரைத் தாங்கும், யூரியா பசையால் ஒட்டியது தொடர்ந்து நனைந்தால் அடுக்கு அடுக்காகப் பிரியும். நல்ல பலகையிலும் நீர் முகப்பின் வழியாக நுழைவதை விட வெட்டுவாயின் வழியாகவே மிகுதியாக நுழைகிறது. நான் கட்டிய முதல் குடிலில் முகப்புக்கு இரண்டு பூச்சு அடித்துவிட்டுக் கீழ் விளிம்பை மறந்தேன். ஒரு மழைக்காலம் முடிந்தபோது அந்த விளிம்பு புத்தகம் போல விரிந்திருந்தது. பொருத்துவதற்கு முன்பே எல்லா விளிம்புகளிலும் வெளிப்புறச் சுவர்ப்பூச்சை இருமுறை ஊட்டி, பலகையின் அடிப்பாகம் தரையைத் தொடாமல் நான்கு விரல் உயரத்தில் நிற்கும்படி அமையுங்கள்.

கூரைக்குத் துத்தநாகம் பூசிய நெளிதகடு நெடுநாள் உழைக்கும். ஆணியை நெளிவின் மேட்டில், ரப்பர் வளையத்துடன் பொருத்த வேண்டும். பள்ளத்தில் அடித்தால் அந்தத் துளையின் மீதுதான் நீர் ஓடும். தகடு பளபளக்கும் என்பதும் மழையில் இரைச்சலிடும் என்பதும் அதன் குறைகள். புதிய தகட்டில் எண்ணெய்ப் பெயின்ட் உரிந்துவிடும். துத்தநாகத்துக்குரிய பிரைமர் பூசிய பிறகே மங்கல் நிறம் அடியுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். அறுக்கும்போது பறக்கும் இழை நுரையீரலுக்குக் கேடு.

தார்ப்பாய் ஒரு பருவத்துக்குச் சரி. வெயிலின் புறஊதாக் கதிரில் பாலிஎத்திலீன் நொறுங்கும். கார்பன் கலந்த கறுப்புப் பாய் மற்ற நிறங்களை விட நீடிக்கும். தளர்வாகக் கட்டினால் காற்றில் படபடத்துப் பறவைகளை விரட்டிவிடும். பழைய பிளக்ஸ் பேனரும் நீர் புகாதது, ஏறக்குறையச் செலவே இல்லாதது. அச்சு உட்பக்கமாக இருக்கும்படி கட்டி, வெளியே நிழல்வலையைப் போர்த்தினால் வெண்மை தெரியாது.

குடிலின் உட்புறம் கறுப்பாகவோ அடர்பழுப்பாகவோ இருக்கட்டும். வெளிர் நிறமாக இருந்தால் திறப்பின் வழியே உங்கள் அசைவு தெரிந்துவிடும். வெண்மையூட்டும் சலவைத்தூளில் துவைத்த துணியைத் திரையாகத் தொங்கவிடாதீர்கள். பல பறவைகளுக்குப் புறஊதா ஒளி தெரியும், ஆகவே அத்துணி நமக்குத் தெரிவதிலிருந்து மாறுபட்டே அவற்றின் கண்ணுக்குத் தெரியும். மான் போன்ற மோப்பம் மிகுந்த விலங்குகளைப் பார்ப்பதானால், பூச்சு வேலையைப் பருவம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பே முடித்து, வாடை போகும்வரை குடிலைத் திறந்தே வைத்திருங்கள்.