'மேக் அப்': ஒப்பனை மட்டும் அன்று

தமிழில் 'மேக்கப்' என்றவுடன் முகப்பூச்சுதான் நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்திலோ 'மேக் அப்' என்று பிரித்து எழுதி வினையாக ஆளும்போது அதற்குப் பெரும்பாலும் ஒப்பனையோடு தொடர்பே இருப்பதில்லை. பொருளைக் கண்டுபிடிக்க, அதன் பின்னால் வரும் சொல்லைப் பார்ப்பதே நம்பகமான வழி.

'ஷி மேட் அப் அ ஸ்டோரி' என்பதில் பின்னால் கதை வருவதால், அவள் இட்டுக்கட்டினாள் என்று பொருள். எதுவும் பின்தொடராமல் 'தே மேட் அப்' என்று முடிந்தால், சண்டையிட்டவர்கள் சமாதானமாகிவிட்டார்கள். 'மைண்ட்' வந்தால் முடிவெடுத்தல். 'ஃபார்' வந்தால் ஈடுகட்டுதல்: 'மேக் அப் ஃபார் லாஸ்ட் டைம்' என்பது இழந்த நேரத்தை ஈடுசெய்வது. (இட்டுக்கட்டு, ஈடுகட்டு என்று நம் மொழியிலும் 'கட்டு' இரு பக்கமும் நிற்பது தற்செயலான அழகு.) 'லெவன் பிளேயர்ஸ் மேக் அப் அ கிரிக்கெட் டீம்' என்றால், 11 ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு கிரிக்கெட் அணியாகிறார்கள்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது 'இட்' என்னும் சிறு சொல்லில்தான். கதையை 'மேட் அப் அ ஸ்டோரி', 'மேட் அ ஸ்டோரி அப்' என இரு விதமாகவும் சொல்லலாம். ஆனால் கதைக்குப் பதிலாக 'இட்' வந்தால், அது நடுவில்தான் உட்கார வேண்டும். 'ஹீ மேட் இட் அப்' சரி. 'ஹீ மேட் அப் இட்' பிழை. 'மேக் அப் ஃபார் இட்' என்பதில் மட்டும், 'ஃபார்' இருப்பதால், 'இட்' கடைசியிலேயே நிற்கும்.