ஷாப்பரல் 2எஃப்: பழைய அரோரா ஸ்லாட் காரை மறுபடி ஓட வைப்பது எப்படி?

ஸ்லாட் கார் என்பது தடத்திலுள்ள பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தில் ஓடும் பொம்மைக் கார். ஷாப்பரல் 2எஃப் என்ற உண்மைப் பந்தயக் காரின் வடிவில், விரல் நீளமே உள்ள ஒரு பழைய அரோரா ஸ்லாட் கார் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் இரண்டு கால்களின் மேல் உயரமாக ஓர் இறக்கை. தடத்தில் வைத்தால் ஓடவில்லை, அல்லது முனகிவிட்டு நின்றுவிடுகிறது. அதைப் பிரித்து, சுத்தம் செய்து, ஓட வைப்பதுதான் இந்தப் பதிவு. இதுவரை ஸ்க்ரூ டிரைவர் மட்டுமே பிடித்துப் பழகியவர்கூடச் செய்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நின்றுபோன இந்தக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் அழுக்குதான். அறுபதுகளில் ஊற்றிய எண்ணெய் கெட்டியாகிப் பசையாகியிருக்கும், செம்பு கறுத்திருக்கும், அச்சில் முடி சுற்றியிருக்கும். இவற்றை எடுத்தாலே கார் ஓடும். புதுப் பாகம் வாங்குவதைக் கடைசிக்கு வையுங்கள். ஒருமுறை கழற்றி எறிந்த அசல் பாகம் திரும்ப வராது.

இது யாருடைய கார்?

டெக்சாஸ் மாநிலம் மிட்லண்டைச் சேர்ந்த ஜிம் ஹால், கால்டெக்கில் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) பொறியியல் படித்த பந்தய ஓட்டுநர். கூட்டாளி ஹாப் ஷார்ப்புடன் சேர்ந்து ஷாப்பரல் என்ற பெயரில் தானே கார் கட்டினார். பட்டறைக்குப் பக்கத்திலேயே சோதனை ஓட்டத்துக்குச் சொந்தத் தடமும் இருந்தது. 1965-இல் இருவருமே ஓட்டி, கொட்டும் மழையில் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தை வென்றார்கள்.

2எஃப் என்பது 1967-க்காகக் கட்டிய கார். 7 லிட்டர் ஷெவர்லே வி8 என்ஜின். காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்துவதற்குத்தான் அந்த உயரமான இறக்கை. உண்மைக் காரில் அதன் கால்கள் உடலில் நிற்கவில்லை, பின்சக்கரங்களைத் தாங்கும் பகுதியில் நேரடியாக நின்றன. அழுத்தம் ஸ்பிரிங்குகளைத் தாண்டிச் சக்கரத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. கிளட்ச் மிதி இல்லாத கியர்பெட்டி என்பதால் ஓட்டுநரின் இடது கால் சும்மா இருந்தது. ஹால் அந்தக் காலுக்கும் ஒரு வேலை கொடுத்தார்: நேர்ப்பாதையில் மிதியை அழுத்தினால் இறக்கை படுத்துக்கொள்ளும், காற்றுத் தடை குறையும். வளைவுக்கு முன் காலை எடுத்தால் மறுபடி நிமிர்ந்து அழுத்தும். கார் மிக வேகமானது, ஆனால் கியர்பெட்டி அடிக்கடி கைவிட்டது. அந்த ஆண்டு கிடைத்த ஒரே வெற்றி ஜூலை 30 அன்று, இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில். ஓட்டியவர்கள் ஃபில் ஹில்லும் மைக் ஸ்பென்ஸும். ஃபில் ஹில்லுக்கு அதுவே கடைசிப் பந்தயம். 1968-இல் இந்த வகைக் கார்களுக்கு 3 லிட்டர் வரம்பு வந்ததும் 2எஃப்பின் காலம் முடிந்தது.

அமெரிக்காவின் அரோரா நிறுவனம் 1963-இல் கொண்டுவந்த தண்டர்ஜெட் 500 வரிசையில் இந்தக் காரும் வந்தது. ரசிகர்கள் டி-ஜெட் என்பார்கள். உண்மைக் கார் வெள்ளை. அரோராவோ உடல்களைப் பல நிறங்களில் வார்த்து விற்றது. அதனால் உங்கள் காரின் நிறம் வேறாக இருந்தால் போலி என்று நினைத்துவிட வேண்டாம்.

என்னென்ன வேண்டும்?

சின்ன ஸ்க்ரூ டிரைவர், முனை கூரான சாமணம், காது பட்ஸ், பல்குத்தி, பென்சில் ரப்பர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஊசி முனை வைத்த மெல்லிய எண்ணெய் பாட்டில், 9 வோல்ட் பேட்டரி, இரண்டு துண்டு ஒயர். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. அடியில் விரிக்க ஒரு வெள்ளைத் துணி, ஓரம் உயர்ந்த ஒரு தட்டு. துணி அவசியம், ஏனென்றால் இதிலுள்ள கார்பன் துண்டு மிளகைவிடச் சிறியது.

அசிட்டோன், தின்னர் இரண்டையும் மேசைப் பக்கமே கொண்டுவராதீர்கள். உடலின் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

படி 1: உடலைக் கழற்றுதல்

காரைக் கவிழ்த்தால் முன்னும் பின்னும் ஒவ்வொரு ஸ்க்ரூ தெரியும். அவ்வளவுதான் பிடிப்பு. ஆனால் கவிழ்க்கும்போதே கவனம் வேண்டும். 2எஃப்பை அப்படியே மேசையில் கவிழ்த்தால் எடை முழுக்க இறக்கை மேல் விழும். ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி இரண்டு மேடாக வையுங்கள். உடலின் இரு ஓரங்களும் மேட்டில் உட்கார, இறக்கை நடுவே அந்தரத்தில் இருக்கட்டும். அந்த மெல்லிய கால்கள் ஒடிந்த கார்கள் நிறைய. முழு இறக்கையோடு ஒன்று கிடைத்தால் அதை அப்படியே காப்பாற்றுவதுதான் முதல் கடமை.

ஸ்க்ரூவுக்குச் சரியாகப் பொருந்தும் முனையை எடுங்கள். நேராக அழுத்தி, மெதுவாகத் திருகிக் கழற்றுங்கள்.

உடலை வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு துளி விட்டு, மென்மையான பிரஷ்ஷால் கழுவலாம். வெந்நீர் கூடாது, உடல் வளைந்துவிடும். ஸ்டிக்கரோ பெயின்ட் கோடோ இருந்தால் அந்த இடத்தைத் தொடாமல் விடுங்கள்.

படி 2: சேஸிஸைப் படம் எடுத்துக்கொள்ளுதல்

மோட்டாரும் சக்கரங்களும் உள்ள அடிச்சட்டம்தான் சேஸிஸ். அதைப் பிரிப்பதற்கு முன் மேலிருந்தும் கீழிருந்தும் கைபேசியில் படம் எடுங்கள். முன் அச்சு எந்த ஓட்டையில் போகிறது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். டி-ஜெட் சேஸிஸில் முன் அச்சுக்கு இரண்டு இடம் உண்டு. ஒரே சேஸிஸ் நீளமான உடலுக்கும் குட்டையான உடலுக்கும் பொருந்துவதற்காக வைத்தது.

இப்போது அமைப்பைப் புரிந்துகொண்டால் மீதி வேலை எளிது. தடத்தின் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் அடியிலுள்ள இரண்டு செம்பு ஷூக்களுக்கு வருகிறது. அங்கிருந்து மெல்லிய செம்புப் பட்டை வழியாகக் கார்பன் பிரஷ்ஷுக்கு, பிரஷ்ஷிலிருந்து ஆர்மேச்சரின் (மோட்டாரில் சுழலும் கம்பிச்சுற்றுப் பகுதி) அடியிலுள்ள கம்யூட்டேட்டருக்கு (கார்பன் உரசும் செம்பு வட்டம்). மிக்ஸி ரிப்பேர்க் கடையில் "கார்பன் தேஞ்சுபோச்சு" என்பார்களே, அதே கார்பன்தான், அளவில் மட்டும் குட்டி. டி-ஜெட்டின் தனித்தன்மை என்னவென்றால், ஆர்மேச்சர் தட்டையாகப் படுத்திருக்கும், அதன் தண்டு செங்குத்தாக நிற்கும். சுழற்சி மேலேயுள்ள கியர்கள் வழியாகப் பின்னால் போய், பினியன் என்ற சின்னப் பல்சக்கரம் மூலம் கீழே இறங்கி, பின் அச்சிலுள்ள பெரிய பல்சக்கரமான கிரவுன் கியரைச் சுற்றும்.

கார் ஓடாததற்குக் காரணம் இந்த இரண்டு பாதைகளில் ஒன்றில்தான் இருக்கும். ஒன்று, மின்சாரம் வரும் வழியில் கறை. இல்லையென்றால் சுழற்சி போகும் வழியில் இறுக்கம்.

படி 3: கியர் தட்டைத் திறத்தல்

கியர் தட்டைப் பின்பக்கம் ஒரு எஃகு கிளிப் பிடித்திருக்கும். ஒரு விரலால் அதை மூடிக்கொண்டு, மறுகையால் ஒரு ஓரத்தை மெல்ல நெம்புங்கள். மூடாமல் நெம்பினால் துள்ளி எங்கேயாவது போய்விடும். கிளிப் வந்ததும் தட்டை நேராக மேலே தூக்குங்கள். ஆர்மேச்சரும் அதோடு சேர்ந்து வரும். மேலேயுள்ள பினியனை ஆர்மேச்சர் தண்டிலிருந்து பிடுங்க முயல வேண்டாம். அழுத்திப் பொருத்தியது அது, ஆரம்ப வேலைக்குக் கழற்றவே தேவையில்லை.

சேஸிஸுக்குள் முன்னும் பின்னும் ஒவ்வொரு காந்தம் இருக்கும். அவற்றை எடுக்காமலே சுத்தம் செய்யலாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் எது முன், எந்தப் பக்கம் உள்நோக்கி என்று பென்சிலால் குறித்துவிட்டு எடுங்கள். இரண்டையும் புரட்டி வைத்தால் கார் பின்னோக்கி ஓடும். ஒன்றை மட்டும் புரட்டினால் மோட்டார் ஓடாது. கீழே போட்டாலும் உடையும்.

படி 4: சுத்தம்

பொறுமை வேண்டிய இடம் இதுதான். அவசரமாக முடிக்காதீர்கள்.

கம்யூட்டேட்டரில் தொடங்குங்கள். ஆர்மேச்சரைத் திருப்பினால் மூன்று செம்புத் துண்டுகளாகப் பிரிந்த ஒரு வட்டம் தெரியும். பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடையுங்கள், பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும் வரை. கறை போகவில்லையென்றால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது விடும் கீறல் கார்பனைத் தின்றுகொண்டே இருக்கும். அப்புறம் மூன்று துண்டுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளிகளைப் பல்குத்தியால் கிளறுங்கள். கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்த ஒரு பசை அதில் அடைந்திருக்கும். அது மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குக் கசிவு ஏற்பட்டு மோட்டார் பலமிழந்து சுடும். சுத்தமான பிறகு பாருங்கள்: செம்பு இளஞ்சிவப்பாகவும், மூன்று இடைவெளிகளும் கூர்மையான கோடுகளாகவும் தெரியும்.

மல்டிமீட்டர் இருந்தால் இந்த நேரத்திலேயே மூன்று துண்டுகளையும் இரண்டிரண்டாக அளந்துவிடுங்கள். சாதாரண டி-ஜெட்டில் சுமார் 16 ஓம் வரும். சரியான எண்ணைவிட முக்கியம், மூன்று அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது. ஒன்று மட்டும் தனியாக விலகினால் சுற்றுக்கம்பி அறுந்திருக்கலாம். அப்போது மட்டும்தான் வேறு ஆர்மேச்சர் தேட வேண்டும்.

அடுத்து, கார்பன் பிரஷ்கள் இரண்டு. எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதே குழிக்கு, அதே முகம் மேலே இருக்கும்படி திரும்பப் போக வேண்டும். கம்யூட்டேட்டரோடு உரசி உரசிப் பழகிய முகம் அது. உலர்ந்த தாளில் ஒருமுறை தேய்த்துத் துடைத்தால் போதும். குழியில் வைத்துப் பார்க்கும்போது கார்பன் லேசாக மேலே எட்டிப் பார்க்க வேண்டும், விரலால் அழுத்தினால் திரும்ப எழ வேண்டும். எழவில்லையென்றால் கீழேயுள்ள செம்புப் பட்டையைத் துளி அளவு மேல்நோக்கி வளையுங்கள். அதிகமாக வளைத்தால் பிரஷ் பிரேக் பிடித்ததுபோல அழுத்தி, மோட்டார் சூடாகும்.

ஷூக்களின் அடிப்பக்கத்தை ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். அவை தொங்கும் கொக்கிகளையும் துடையுங்கள், பலர் மறந்துவிடும் இடம் அது. ஷூ தட்டையாகத் தண்டவாளத்தில் உட்கார வேண்டும், முனை மட்டும் தொடக் கூடாது.

கடைசியாக அச்சுகள். சக்கரத்துக்கும் சேஸிஸுக்கும் நடுவே பாருங்கள். கம்பள நூலும் தலைமுடியும் இறுக்கமாகச் சுற்றியிருக்கும். சாமணத்தால் ஒவ்வொரு இழையாக உருவுங்கள். சக்கரங்களைக் கழற்ற வேண்டியதில்லை.

படி 5: எண்ணெய்

ஆர்மேச்சர் தண்டின் மேலும் கீழும், நடுக் கியர் சுழலும் இடத்தில், இரண்டு அச்சுகளின் முனைகளில், ஊசி முனையில் தொங்கும் அளவே ஒரு துளி. கம்யூட்டேட்டரில் எண்ணெய் படக் கூடாது. பட்டுவிட்டால் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத் தொடருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், குளிரில் உறைந்து பழைய கதையே திரும்பும்.

படி 6: மூடி, சோதித்தல்

பிரஷ்களைக் குழியில் வைத்து, கியர் தட்டை நேராக இறக்குங்கள். பின்சக்கரத்தை விரலால் உருட்டினால் பினியன் கிரவுன் கியரில் விழுந்து பிடிப்பது விரலுக்கே தெரியும். பிடித்த பிறகு கிளிப்பை மாட்டுங்கள்.

பேட்டரியின் இரு முனைகளிலிருந்தும் ஒயர் எடுத்து ஆளுக்கொரு ஷூவில் தொடுங்கள். சக்கரம் சுழல வேண்டும். பின்னோக்கிச் சுழன்றால் ஒயர்களை மாற்றித் தொடுங்கள். சில நொடி ஓட்டுங்கள், நிறுத்துங்கள், மறுபடி ஓட்டுங்கள். சத்தம் சீராகிக்கொண்டே வரும். லேசான பொறி தெரிவது சகஜம். ஆர்மேச்சர் தொட முடியாத அளவுக்குச் சுட்டால் உடனே நிறுத்தி, பிரஷ் அழுத்தத்தையும் கம்யூட்டேட்டர் இடைவெளிகளையும் மறுபடி பாருங்கள்.

படி 7: டயரும் உடலும்

அசல் ரப்பர் டயர் இறுகிப்போய் வழுக்கும். அதைக் கழற்றி ஒரு சிறு பையில் பத்திரப்படுத்திவிட்டு, ஓட்டுவதற்குச் சிலிக்கான் டயர் போட்டுக்கொள்ளலாம். பாகம் மாற்றுவதில் எனக்கு முழுச் சம்மதம் உள்ள ஒரே இடம் இதுதான்.

உடலை மாட்டும்போது ஸ்க்ரூவை முதலில் எதிர்ப்பக்கமாகத் திருகுங்கள். ஓரிடத்தில் சின்னதாக ஒரு 'டிக்' தெரியும், பழைய மரையில் ஸ்க்ரூ விழுந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து வலப்பக்கம் திருகுங்கள். இப்படிச் செய்யாமல் நேரே முறுக்கினால் புது மரை வெட்டி, உடலுக்குள் ஸ்க்ரூ ஏறும் பிளாஸ்டிக் தூண் விரிசல் விடும். இறுக்கமானதும் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்று தளர்த்துங்கள். உடல் லேசாக ஆடினால் கார் வளைவில் இன்னும் அமைதியாக ஓடும்.

இறக்கை ஏற்கெனவே ஒடிந்திருந்தால் சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி பக்கத்திலுள்ள கண்ணாடிப் பகுதியை வெள்ளையாக்கிவிடும். பல்குத்தி முனையில் கொஞ்சம் எபாக்ஸி எடுத்து ஒட்டி, ஒரு நாள் அசையாமல் விடுங்கள்.

தடத்தில் ஏற்றும் முன்

அரோராவின் பழைய பவர் பேக் பெட்டியோடு வந்திருந்தால் அதை நம் வீட்டு பிளக்கில் மாட்டவே கூடாது. அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் 230 வோல்ட்டில் எரிந்துவிடும். ஷார்ட் ஆனால் தானே நிறுத்திக்கொள்ளும் நல்ல டிசி சப்ளை ஒன்றை வாங்கி, 12 வோல்ட்டில் தொடங்கி 18 வரை போங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் 90 ஓம் அளவில் இருந்தால் டி-ஜெட்டுக்கு இதமாக இருக்கும். தண்டவாளம் துருப்பிடிக்கும் இரும்பு, அதனால் ஓட்டும் முன் ரப்பரால் ஒரு தேய்ப்பு, துணியால் ஒரு துடைப்பு.

முதல் வளைவில் கார் பின்பக்கத்தை வீசும். உண்மை 2எஃப்பைத் தரையில் அழுத்திய இறக்கை இந்த அளவில் வெறும் அழகுதான். தண்டவாளத்தை இழுத்துப் பிடிக்கவென்று காந்தம் வைத்த கார்களை அரோரா 1974-இல்தான் கொண்டுவந்தது. டி-ஜெட்டுக்குப் பிடிப்பு என்பது டயரும் எடையும் மட்டுமே. வளைவுக்கு ஒரு கை நீளம் முன்பே விரலைத் தளர்த்துங்கள், வால் லேசாக வெளியே போகட்டும், நேரானதும் மெல்ல அழுத்துங்கள். இரண்டு வோல்ட் குறைத்து வைத்துப் பழகினால் ஒரே மாலையில் கை பிடிபட்டுவிடும்.