எழுதியதைக் கூடி வாசிக்கும் இளைஞர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி மரத்தடியிலோ கிளை நூலகத்தின் மாடியிலோ ஏழெட்டுப் பேர் கூடி, எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுவது அருமையான விஷயம். ஆனால் ஆர்வமாகத் தொடங்கும் குழுக்கள் பல சீக்கிரமே கலைந்துவிடுகின்றன. அங்கே போய் ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஒவ்வொருவராக வராமல் போய்விடுகிறார்கள்.

பெரும்பாலும் பாராட்டில்தான் தவறு தொடங்குகிறது. வாசித்து முடித்ததும் ‘சூப்பர்’, ‘செம’, ‘கண்ணு கலங்கிடுச்சு’ என்பார்கள். மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் எழுதியவருக்குத் தெரிய வேண்டியது வேறு. எந்த வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், எங்கே கவனம் சிதறியது, கதையில் வரும் பாட்டி இறந்துவிட்டாள் என்பது எந்த இடத்தில் புரிந்தது? இதைச் சொல்ல இலக்கியப் படிப்பு வேண்டாம், கவனித்துக் கேட்டிருந்தால் போதும். எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியது விமரிசனத்துக்கு இடம் வேண்டும் என்றுதான். புதுக்கவிதை அங்கேதான் வேர்பிடித்தது. திருகோணமலைக்காரரான கவிஞர் பிரமிள் அதில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். கறாராக வாசித்தால் இளையவர்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்பட வேண்டியதில்லை.

கறார் என்றால் பிழை பொறுக்குவது என்றும் சிலர் நினைக்கிறார்கள். முதல் வரைவிலேயே ஒற்று மிகுமா மிகாதா என்று இறங்கிவிட்டால் கதையைப் பற்றிப் பேச நேரமே இருக்காது. நாகர்கோவில் பேச்சில் பேசும் ஒரு பாத்திரத்தை ‘நல்ல தமிழுக்கு’ மாற்றச் சொல்வது இன்னும் மோசம். ‘நானா இருந்தா முடிவை இப்படி வெச்சிருப்பேன்’ என்பதும் வேண்டாம். அந்தக் கதையை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ளலாம்.

என் பார்வையில் மிகப் பெரிய தவறு, எழுதியதை எழுதியவரின் வாழ்க்கையாகவே வாசிப்பது. ஒரு பெண் காதல் கவிதை வாசித்தால் ‘யாரை நினைச்சு எழுதினே?’ என்கிறார்கள். குடிகார அப்பா வரும் கதை என்றால் எழுதிய பையனைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். அடுத்த முறை அவர்கள் மழையையும் நிலாவையும் பற்றி மட்டும் எழுதிக்கொண்டு வருவார்கள். அதனால் ‘கதையில் வரும் பையன்’, ‘கவிதையில் பேசுகிறவள்’ என்றே சொல்லிப் பழகுங்கள். வாசித்தவருக்கு அது பெரிய பாதுகாப்பு.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. ஒருவர் எழுதுவதிலெல்லாம் சாக விரும்பும் குரல் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே உவமையைப் பற்றிப் பேசக் கூடாது. தனியாக உட்கார்ந்து, அப்படி எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாமல், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் விஷயத்தைக் கொண்டுபோங்கள். இந்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

குழுவில் வாசித்ததைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவதும் தவறுதான், பெருமைக்காகப் போட்டாலும். அவர் எழுதுவது வீட்டுக்குத் தெரியாமல் இருக்கலாம். தவிர, பல இதழ்களும் போட்டிகளும் வேறெங்கும் வெளிவராத படைப்பைத்தான் கேட்கின்றன.

எழுதியவர் பக்கமும் தவறுகள் உண்டு. ‘நேத்து ராத்திரி சும்மா எழுதினது’ என்று முன்னுரை சொல்லாதீர்கள். கருத்து வந்ததும் ‘நான் சொல்ல வந்தது என்னன்னா…’ என்று விளக்கவும் வேண்டாம். விளக்கிவிட்டால், எழுத்து எவ்வளவு தூரம் தானாகப் போய்ச் சேர்ந்தது என்பது தெரியாமலே போகும். அதற்காக வாயே திறக்கக் கூடாது என்பதில்லை. ‘இந்த முடிவு நம்பும்படி இருக்கா?’ என்று ஒரு கேள்வியை முதலிலேயே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள்.

அப்புறம் நேரம். ஒருவரே ஐந்து கவிதை வாசித்தால் கடைசியில் இருப்பவருக்கு ‘சரி, அடுத்த வாரம் பார்ப்போம்’தான் மிஞ்சும். பெரும்பாலும் அது அதிகம் பேசாதவராகவே இருப்பார். ஒருவருக்கு ஒரு படைப்பு என்று வைத்துக்கொண்டு, போன முறை நேரம் கிடைக்காதவரிடமிருந்தே அடுத்த கூட்டத்தைத் தொடங்குங்கள்.