மகனுக்காகக் கண்விழிப்பதை நிறுத்தினேன்

மும்பை செம்பூரில் எங்கள் வீடு ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும்தான். 23 வயது மகன் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின் கடைசி லோக்கல் ரயிலில்தான் திரும்புவான். நான் சாதத்தை மூடிவைத்துக் காத்திருப்பேன். விடியற்காலை 5 மணிக்கு மாநகராட்சித் தண்ணீர் வரும். எழுந்து பிடித்தாக வேண்டும். 8 மாதத்தில் எனக்கு ரத்த அழுத்தம் ஏறியது.

திட்டிப் பார்த்தேன், பலனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை உட்காரவைத்துச் சொன்னேன்: "கண்ணா, எப்போது வருவது என்பது உன் விருப்பம். சாப்பாடு வேண்டுமானால் இரவு 8 மணிக்குள் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் உனக்கு எடுத்துவைக்க மாட்டேன். கூடத்து விளக்கைப் போடாதே, அப்பா அங்கேதான் தூங்குகிறார்." ஒரு சாவியைக் கையில் கொடுத்தேன். மின்கட்டணமும் அவன் பொறுப்பானது.

முதல் வாரமே சொல்லாமல் வந்து பசியோடு படுத்தான். எனக்கு வயிறு பிசைந்தது. தோசை வார்க்க எழுந்தவள், கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஓர் இரவுதான் மிகக் கடினம். அன்று அடுப்பைப் பற்றவைத்திருந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருக்கும்.

இப்போது ஏழரை மணிக்கே செய்தி வந்துவிடுகிறது. சில நாள், "ரசம் மட்டும் போதும் அம்மா" என்று.