மூன்றாம் வகுப்புக்கு பிரெஞ்சு: முதல் சில வாரங்கள்

புதுச்சேரியில் சின்னப் பிள்ளைகளுக்கு பிரெஞ்சு எடுக்கிறேன். முதல் வாரம் புத்தகத்தைத் திறக்கவே மாட்டேன். தெருப் பலகையில் இருக்கிற 'ரூ' (rue, பிரெஞ்சில் தெரு) போதும். உதட்டை 'ஊ' என்று குவித்தபடி உள்ளே 'ஈ' சொல்லச் சொல்லுங்கள். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடமாகும், ஒலி வந்துவிடும்.

அப்புறம் 'து', 'வூ'. இதை ஆங்கிலம் வழியாக விளக்கி ஒரு வருடம் வீணடித்தேன். 'நீ', 'நீங்கள்' என்றால் முடிந்தது வேலை. ஆனால் பிரான்சில் பாட்டியையும் பெரும்பாலும் 'து' என்றுதான் பேசுவார்கள் என்றதும், "அடி விழாதா மிஸ்?" என்றான் ஒருவன்.

மேசை ஏன் பெண்பால் என்று கேட்பார்கள். காரணம் தேடாமல், பெண்பாலுக்கு முன்னால் வரும் 'லா'வோடு 'லா தாப்ள்' (மேசை) என்று சேர்த்தே பழக்குங்கள். நான் 'லா'வுக்குச் சிவப்பு, ஆண்பாலுக்கு வரும் 'ல'வுக்கு நீலச் சாக்பீஸ் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 2, ஷாந்தலர் என்ற கிறிஸ்தவத் திருநாள். அன்று பிரான்சில் கிரெப் என்ற மெல்லிய தோசை மாதிரிப் பண்டம் சுடும் நாள். மைதா, முட்டை, பால் கரைத்து, தோசை மாவைவிடத் தண்ணீராக வையுங்கள். ஒரு கையில் நாணயம், மறுகையில் வாணலி. தூக்கிப் போட்டுத் திருப்பிப் பிடித்தால் வருடமெல்லாம் காசு சேரும் என்பது பிரெஞ்சுக்காரர்கள் நம்பிக்கை. என்னுடையது தரையில் விழுந்தது.